திண்டிவனத்துக்குப் போகிற உன் குரல்

குண்டு, என் கண்ணே, அம்மா எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். கோர்வையாக எழுத வராது. பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், நீ கேட்டுக்கொள்வாய். போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்தாய். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், நன்றாகத்தான் பார்த்தார்கள், ஆனாலும் நீ திரும்பி வரவில்லை. அப்படிப் போனவனுக்கு என்ன கடிதம் என்று உன் பெண்டாட்டி செல்விகூடக் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே பேனாவும் பேப்பரும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். விஷயம் இதுதான். நம் 'குண்டு மாவு' பெயரில் திண்டிவனத்தில் கடை போட ஒருத்தர் கேட்கிறார். பெயரோடு, வண்டி ஸ்பீக்கரில் பேசுகிற உன் குரலையும் சேர்த்துக் கேட்கிறார். நாளைக்குப் பதில் வாங்க வருகிறார். அவரிடம் வாயைத் திறப்பதற்கு முன்னால் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இங்கே விழுப்புரத்தில் வியாபாரம் நடக்கிறது, கவலைப்படாதே. உன் காரியம் முடிகிற வரைக்கும் கிரைண்டர்களைத் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், செல்வி அரிசியை ஊற வைத்திருக்கிறாள். "வண்டிய யாருடி ஓட்டறது?" என்றேன். "நான்தான். இன்னா, மாடா அது, முட்டப் போவுதா?" என்றாள். உன் லோடு ஆட்டோவை அவள் ஓட்டிப் பழகியதை நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். வண்டிமேட்டில் ஒரு குப்பைத் தொட்டியைச் சாய்த்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தாராம். வந்தவர் வண்டியில் எழுதியிருந்த பெயரைப் பார்த்ததும், "குண்டு சம்சாரமாம்மா? தொட்டி எங்க போயிடப் போவுது, நீ ஓட்டிப் பழகும்மா" என்று சொல்லி, அவரே தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாராம். இப்போது அவள் நன்றாக ஓட்டுகிறாள். நான் அரைக்கிறேன், அவள் விற்கிறாள்.

நீ பழக்கிவிட்டபடியேதான் விற்கிறோம். இரண்டு டிரம். நேற்று அரைத்துப் புளித்த மாவு ஒன்றில், இன்றைக்கு மத்தியானம் அரைத்த மாவு இன்னொன்றில். பாத்திரத்தை நீட்டுகிறவர்களிடம் முதல் கேள்வி, "ராத்திரிக்கா, காலைக்கா?" இன்று ராத்திரி தோசை என்றால் புளித்தது. நாளைக் காலை இட்லி என்றால் புதுசு, அது அவர்கள் வீட்டிலேயே பொங்கிக்கொள்ளும். ஆரம்பத்தில் எனக்கு இது வீண் வேலையாகத் தெரிந்தது. "எல்லாரும் பாக்கெட்டு போட்டு ஒரே மாவா வித்துக்கினு போறான், உனக்கு மட்டும் இன்னாடா இந்த பேஜாரு?" என்று திட்டினேன். "எப்ப துன்னுவீங்கன்னு கேக்காம மாவு விக்கிறது, ஆளைப் பாக்காம சட்டை தெக்கிற மாதிரிம்மா" என்றாய். சட்டைத் துணி எடுத்தால்கூட அளவு கொடுக்கச் சோம்பேறித்தனப்படுகிறவன் நீ. உன் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது எனக்கு ஆச்சரியம்தான்.

உன் குரலைப் பதிவு செய்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கரண்ட் போயிருந்தது. கிரைண்டர் சத்தம் இல்லாத நேரம் பார்த்து, போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பின்கட்டில் நின்றாய். "அம்மா, மாவு வந்துருச்சு! இட்லி மாவு, தோசை மாவு, கேப்பை மாவு! வண்டிமேட்டு அக்கா, கீழ்ப்பெரும்பாக்கத்து அம்மா, பாத்திரம் எடுத்துக்கினு ஜல்தியா வாங்க! ராத்திரிக்கா காலைக்கா, சொல்லி வாங்குங்க! போயிடுவேன், அப்பறம் திட்டக் கூடாது!" நீ பதிவு செய்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? காலை மாவு டிரம்முக்கு மூடியைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தவள், "டேய் குண்டு, மூடிய எங்கடா வச்ச?" என்று கத்திவிட்டேன். நீ சிரித்தாய். உன் சிரிப்போடு பதிவு நின்றுபோனது. "அழிச்சிட்டு மறுபடி பேசுடா, மானம் போவுது" என்று கெஞ்சினேன். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. "இருக்கட்டும்மா, ஜனங்க சிரிச்சா மாவு விக்கும்" என்றாய்.

நீ சொன்னபடியேதான் நடந்தது. வண்டி தெருவில் நுழைந்ததும் பெண்கள் பாத்திரத்தோடு வருவார்கள், மாவு கேட்பதற்கு முன்னால், "மூடி கெடச்சிதாடா?" என்று கேட்பார்கள். நீ தினம் ஒரு பொய் சொல்வாய். மூடி மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறது. மூடிக்கு ஜுரம். மூடி கோவித்துக்கொண்டு திருவெண்ணெய்நல்லூர் பஸ் ஏறிவிட்டது. அப்படிச் சொன்ன அன்றைக்கு, திருவெண்ணெய்நல்லூரில் பிறந்தவளான உன் பெண்டாட்டி உனக்குச் சோறு போடவில்லை. உண்மையில் அந்த மூடி கிடைக்கவே இல்லை. இன்றைக்கும் அந்த டிரம்மைத் தாம்பாளத் தட்டால் மூடி, துணி போட்டுக் கட்டித்தான் அனுப்புகிறேன். புதுசு வாங்கலாம் என்று செல்வி சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

நீ போன பிறகு வண்டி முதன்முதலாகக் கிளம்பியபோது, அந்த ஸ்பீக்கர் ஓடத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். கொஞ்ச நாள் செல்வியோடு பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். உன் குரல் கேட்டு எல்லோரும் வந்தார்கள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பாத்திரத்தை நீட்டினார்கள். கடைசியில் நான் மூடியைக் கேட்டுக் கத்துகிற இடம் வந்ததும், ரயில்வே காலனியில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர்கள் மேல் தப்பில்லை, உன் மேல் வைத்த பாசம் அது. ஆனால் அதற்குப் பிறகு நான் வண்டியில் ஏறுவதை நிறுத்திவிட்டேன். சாயங்காலம் வாசலில் நின்று, வண்டி முனை திரும்புகிற வரைக்கும் உன் குரலைக் கேட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது அந்த ஆளைப் பற்றிச் சொல்கிறேன். ஜாபர் பாய் என்று பெயர். கோட்டக்குப்பத்துக்காரர். ரொம்ப வருஷம் துபாயில் இருந்துவிட்டு, மனைவியின் ஊரான திண்டிவனத்தில் வந்து தங்கிவிட்டார். கீழ்ப்பெரும்பாக்கத்தில் சிநேகிதர் வீட்டுக்கு வந்தபோது நம் மாவில் சுட்ட தோசையைச் சாப்பிட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து, போட்ட நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். "அம்மா, இத்தினி வருஷம் அடுத்தவன் கடையில நின்னேன். இனிமே சொந்தமா நிக்கணும். ஆனா தெரியாத தொழில்ல தனியா எறங்க பயமா இருக்குது. உங்க பேரைக் குடுங்க, மொறையைச் சொல்லிக் குடுங்க. நீங்க சொல்றபடி நடந்துக்கறேன்" என்றார். உன் குரலும் வேண்டும் என்றார். பிறகு, நான் வருத்தப்படுவேனோ என்று மெதுவாக, "கடைசியில நீங்க பேசுறத மட்டும் வெட்டிக்கலாம்மா" என்றார்.

அவர் போன பிறகு செல்வி எனக்கு விளக்கினாள். "அத்தே, இதுக்கு பிரான்சைஸுன்னு பேரு. கடை அவருது, மொதலு அவருது. பேரும் அரைக்கிற மொறையும் நம்மளுது. அதுக்கு மாசாமாசம் நமக்கு ஒரு பங்கு குடுப்பாரு. தப்பு பண்ணாருன்னா பேரைத் திருப்பி வாங்கிக்கலாம்."

"திருப்பி வாங்கறதுக்கு அது இன்னா கல்யாணத்துக்குக் குடுத்த அண்டாவாடி? அண்டாவே நசுங்கித்தான் வரும்" என்றேன்.

எனக்கு இருந்த பயம் இதுதான். சீக்கிரம் பொங்கட்டும் என்று அவர் ஆப்ப சோடாவை அள்ளிப் போட்டுவிட்டால்? முந்தாநாள் மாவை இன்றைக்கு அரைத்தது என்று விற்றுவிட்டால்? சாப்பிட்டவர்களுக்கு வயிறு கெட்டால் ஜாபர் பாயையா திட்டுவார்கள்? "பாழாப்போன குண்டு மாவு" என்றுதான் சொல்வார்கள். உயிரோடு இருக்கிறவனைத் திட்டினால் அவன் திருப்பிப் பேசுவான். நீ வாய்ச்சண்டையில் தோற்றதே கிடையாது. இப்போது உன் பெயரைத் திட்டினால் யார் பதில் சொல்வது? அதனால் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் நானும் செல்வியும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின. கடைசியில் ஒருநாள், தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அவள் கேட்டாள், "உங்க கையி இன்னும் எத்தினி காலம் அரைக்கும்? என் தோளு எத்தினி காலம் டிரம்மைத் தூக்கும்? நம்ம ரெண்டு பேரு ஒடம்புல தெம்பு இருக்கற வரைக்கும்தான் அவரு பேரு நிக்கணுமா அத்தே?" தைலத்தை வாங்கி நான் தேய்த்துவிட்டேன்.

திண்டிவனம் என்றதும் நான் தயங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீ சின்னப் பையனாக இருந்தபோது, சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கிறவன் பின்னாலேயே நீ இறங்கிப் போய்விட்டாய். நான் பின்சீட்டில் மூட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பஸ் கிளம்பியதும்தான் பார்த்தேன். அலறி, நிறுத்தி, இறங்கி ஓடினேன். ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே மைக்கில் சொல்கிறார்கள், "குண்டு என்கிற பையனின் அம்மா தொலைந்துவிட்டார், எங்கிருந்தாலும் வரவும்." ஜனங்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். பிறந்தபோது நீ கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாய், சதை போடட்டும் என்று ஆசைப்பட்டு வைத்த பெயர் அது. மைக்கில் பேசியவரிடம் உன் நல்ல பெயரைச் சொல்லவே உனக்குத் தோன்றவில்லை. மேஜை மேல் உட்கார்ந்து மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டு, "எங்கம்மா போன? நான் இங்கியேதான் இருந்தேன்" என்று என்னையே அதட்டினாய். அந்த ஊரில் உன்னை மறுபடி விட்டுவிட்டு வருவதா என்று எனக்கு இருந்தது. குரல்தானே என்று செல்வி சொன்னாள். எனக்கு மிச்சம் இருப்பதே அதுதானே.

நான் முடியாது என்றதற்கு ஜாபர் பாய் கோவித்துக்கொள்ளவில்லை. "ஒரே ஒரு நாள் ஓட்டிப் பாக்கலாம்மா, புடிக்கலன்னா விட்டுடலாம்" என்றார். அதற்கு முன் அவர் மனைவி நூர்ஜகான் இங்கே வந்து தங்கி, என் பக்கத்தில் உட்கார்ந்து அரைத்துப் பழகினாள். பிறகு அவர்கள் வீட்டில் அரைத்ததைப் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் திண்டிவனம் போனோம். மாவில் விரலை விட்டுப் பார்த்தேன், பக்குவம் சரியாக இருந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை, அவள் அந்தப் பக்கம் போனதும் அலமாரியில் டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். "இன்னாம்மா தேடுறீங்க?" என்று பின்னாலிருந்து குரல். "ஒண்ணுமில்லம்மா, தண்ணி" என்றேன். "சோடா இல்லம்மா. வேணும்னா மேல் தட்டையும் பாத்துடுங்க, நாற்காலி போடட்டுமா?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். அப்போதே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

சாயங்காலம் பாய் வண்டியை எடுத்தார். செல்வி முன்னால், நான் பின்னால் டிரம்முக்குப் பக்கத்தில். ரொட்டிக்காரத் தெரு பக்கம் திரும்பியதும் உன் குரலைப் போட்டார். போட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. திண்டிவனத்துத் தெருவில் நின்றுகொண்டு, வண்டிமேட்டு அக்காவையும் கீழ்ப்பெரும்பாக்கத்து அம்மாவையும் நீ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய்! மூன்று பேரில் ஒருத்தருக்கும் அது முன்னாடி தோன்றவில்லை. பாய் பதறிப்போய்ப் பட்டனைத் தேடினார். அதற்குள் ஒரு பெண் வாசலுக்கு வந்து, "டேய், விழுப்புரத்துக்குப் போற வண்டி வழி தெரியாம எங்க தெருவுல பூந்துட்டியாடா?" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி, "வந்தவன் வந்துட்டான், எங்களுக்கும் குடுத்துட்டுப் போவட்டும்" என்றாள். பாத்திரங்கள் வர ஆரம்பித்தன. "ராத்திரிக்கா, காலைக்கா?" என்று பாய் தப்பில்லாமல் கேட்டார். அப்போது உன் குரல் கடைசிக்கு வந்து, நான் மூடியைக் கேட்டுக் கத்தி, நீ சிரித்தாய். மாடியிலிருந்து நைட்டியோடு, குக்கர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்த ஒரு அம்மாள், ஸ்பீக்கரைப் பார்த்து, "மூடி கெடச்சிதாடா, இல்லியா? உங்கம்மா கேக்கறாங்க, நீ பாட்டுக்கு சிரிச்சிக்கினு கெடக்கற!" என்றாள்.

குண்டு, ஆடியிலிருந்து யாரும் கேட்காத கேள்வி அது. அந்த அம்மாளுக்கு எதுவும் தெரியாது. அவளுக்கு நீ எங்கேயோ இருக்கிற ஒரு குறும்புக்காரப் பையன், அவ்வளவுதான். அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் சிரிக்கிற பையன். பாய் என் முகத்தைப் பார்த்தார். செல்வி திரும்பியே பார்க்கவில்லை. நான்தான் வாயைத் திறந்தேன். "மாமியார் வூட்டுக்குப் போயிருக்குதும்மா, வந்துடும்" என்றேன். "நல்ல மூடி!" என்று சொல்லிவிட்டு, காலைக்கு என்று மாவை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் மாடியேறிப் போனாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் செல்வி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மயிலம் ரோடு தாண்டியதும், "அத்தே, ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது" என்றாள். "நம்ம தெரு முனை திரும்பனதும் நான் அதை நிறுத்திடுவேன். உங்களுக்குக் கேக்கற தூரம் வரைக்கும்தான் போடுவேன். அப்பறம் ஆரன் அடிச்சி, நானே கூப்புட்டுத்தான் விக்கிறேன். தலைக்கு மேல அவரு பேசிக்கினு வந்தா, எனக்குப் பிரேக்கு மிதிக்கவே காலு வரல." அவள் அழவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இத்தனை மாசமும் நான் வாசலில் நின்று கேட்டதெல்லாம் எனக்காக அவள் ஓட்டிய குரல். நான் என் காதை மட்டும் பார்த்துக்கொண்டேன், அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடி?" என்றேன். "நீங்க வாசல்ல நிக்கறீங்களே" என்றாள். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விழுப்புரம் வரும் வரைக்கும் விடவில்லை.

அதனால் முடிவு பண்ணிவிட்டேன், கண்ணே. நீ திண்டிவனம் போகிறாய். இங்கே செல்வி தன் குரலைப் பதிவு செய்யட்டும், அவளுக்கும் நன்றாகக் கூவ வருகிறது என்று தெரு சொல்கிறது. பாயிடம் நாளைக்கு மூன்றே பேச்சுதான் பேசப்போகிறேன். சோடா போடக் கூடாது. எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்காமல் யாருக்கும் ஊற்றக் கூடாது. நான் கத்துகிறதை வெட்டக் கூடாது. கடைசியில் சொன்னதை அவரே ஒத்துக்கொள்வார். "அந்த ஊரு பேரையும் மாத்த வேணாம்மா, விழுப்புரத்துப் புள்ளைன்னு தெரியட்டும்" என்று வண்டி ஓட்டிய அன்றைக்கே சொன்னார்.

பிள்ளையை வெளியூர் அனுப்பும்போது தாய் நாலு வார்த்தை சொல்வாள் இல்லையா, நானும் சொல்கிறேன். புது ஊர், யார் வாயிலும் விழாதே. சில வீட்டில் குழந்தைகளைத் தூங்க வைத்திருப்பார்கள், சத்தத்தைக் குறைத்துப் பேசு. பாயிடமும் சொல்லி வைக்கிறேன். யாராவது மாவு சரியில்லை என்று திட்டினால் கேட்டுக்கொள், நிஜமாகவே சரியில்லாமல் இருக்கலாம். மழை நாளில் ஸ்பீக்கருக்கு உறை போடச் சொல்கிறேன். நூர்ஜகான் நல்ல பெண், அவள் சொல் கேட்டு நட. முன்னே அந்த ஊரில் என்னைத் தொலைத்துவிட்டு மேஜை மேல் உட்கார்ந்திருந்தாயே, இந்தத் தடவை அப்படி ஆகாது. நீ பேசி முடிக்கிற இடத்தில் என் குரலும் இருக்கிறது, நானும் உன்னோடுதான் வருகிறேன். மாசம் ஒருமுறை மாவின் பக்குவம் பார்க்க வருவேன். பக்குவம் பார்க்க என்றுதான் அவர்களிடம் சொல்வேன்.

ஒரே ஒரு கஷ்டம் மட்டும் பாக்கி இருக்கிறது. அந்த மாடி வீட்டு அம்மாள் விடமாட்டாள், பார்த்தாலே தெரிகிறது. அடுத்த தடவை போனால் மறுபடி கேட்பாள். மாமியார் வீட்டுப் பொய்யைச் சொல்லியாகிவிட்டது. உன் மாதிரி தினம் ஒன்று சொல்ல எனக்கு வராது, பாய்க்குச் சுத்தமாக வராது. பின்கட்டு முழுக்கத் தேடிவிட்டேன், கிரைண்டர்களை நகர்த்தியும் பார்த்துவிட்டேன். சிரிக்காமல் சொல்லுடா குண்டு, அந்த மூடியை எங்கே வைத்தாய்?